ஒத்த மயிர் தெரியுதா?

எங்கள் ஆயா தலைவாரி முடித்ததும் சீப்பில் சிக்கிய முடியை விரலில் சுற்றி, கோலிக்குண்டு அளவுக்கு உருட்டி, ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த சந்தில் செருகி வைப்பார். வீட்டுக்கு வருகிறவர்கள் முகம் சுளித்தால் ஆயாவுக்குக் கவலை இல்லை. அது அவருடைய சேமிப்புக் கணக்கு. மாதத்துக்கோ இரண்டு மாதத்துக்கோ ஒருமுறை "தலைமுடிக்குப் பாத்திரோம்..." என்று இழுத்துக்கொண்டே சைக்கிள்காரர் ஒருவர் தெருவுக்குள் நுழைவார். கேரியரில் எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் தொங்கும். ஆயா சந்திலிருந்து உருண்டைகளை நோண்டி எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவார். பேரம் ஆரம்பிக்கும்.

ஒருநாள் நான் என் தலையிலிருந்து ஒரே ஒரு முடியைப் பிடுங்கி நீட்டி, "இதுக்கு என்னா தருவீங்க?" என்று கேட்டேன். விளக்கு வைக்கிற நேரம். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"ஒத்த மயிரு கண்ணுக்கே தெர்ல. இல்லாத சரக்குக்கு இன்னாத்தடா தர்றது?"

ஆயாவின் உருண்டைகளுக்கு ஒரு டம்ளர் கிடைத்தது.

எல்லாப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத துகள்களால் ஆனது. துகள்கள் நிற்கிற நெருக்கத்தையும் ஓடுகிற வேகத்தையும் பொறுத்துத்தான் ஒன்று கட்டியாக, தண்ணீராக, காற்றாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஒரு பீரியடில் முடித்துவிடுகிற பாடம். இதை ஒப்புக்கொள்ள மனிதகுலம் இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் இழுத்தடித்தது. குறுக்கே நின்ற கேள்வி எல்லாக் காலத்திலும் ஒன்றுதான். அதை அந்தச் சைக்கிள்காரர் எங்கள் வாசலிலேயே கேட்டுவிட்டார்.

வாசல் இருந்தது வியாசர்பாடியை ஒட்டிய எம்.கே.பி. நகரில். முழுப்பெயர் மகாகவி பாரதியார் நகர். மீசையும் முண்டாசுமாக நிமிர்ந்து நின்ற மனிதரை மூன்று எழுத்துக்குள் அமுக்கி பஸ் போர்டில் ஒட்டிவிட்டோம். வாயுவை அமுக்கினால் திரவம். கவியை அமுக்கினால் எம்.கே.பி.

பொருளின் மூன்று நிலைகளுக்கு உதாரணம் தேடி நாங்கள் வெளியூர் போனதில்லை. திடப்பொருள் வைத்த இடத்தில் இருக்கும்: தண்ணி லாரி வருவதற்கு முன்னால் வரிசை போட்ட குடங்கள். சந்தேகமிருந்தால் ஒன்றை நகர்த்திப் பாருங்கள். திரவம் பாத்திரத்தின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும்: ஐப்பசி மழைத் தண்ணீர் கணேசபுரம் சுரங்கப்பாதையின் வடிவத்தை அச்சு மாறாமல் எடுத்துக்கொள்ளும். வாயு கிடைத்த இடம் முழுவதையும் நிரப்பும்: காற்று இந்தப் பக்கம் திரும்பினால் கொடுங்கையூர் குப்பைமேடு எல்லார் வீட்டிலும் சரிசமமாகக் குடியேறும். அட்வான்ஸும் தராது, வாடகையும் தராது.

பத்தொன்பது காய்

மன்றத்து வாசலில் குண்டு பல்பு. அதற்குக் கீழே கேரம் போர்டு. வடசென்னையில் கேரத்தைப் பொழுதுபோக்கு என்று சொன்னால் அடி விழும். அர்ஜுனா விருது வாங்கிய மரிய இருதயம் சென்னைக்காரர். வியாசர்பாடி இளவழகி 2008ல் பிரான்ஸ் வரை போய் உலகச் சாம்பியனாகத் திரும்பி வந்தார்.

ஆட்டத்துக்கு முன் காய் அடுக்குவதைக் கவனியுங்கள். நடுவில் சிவப்பு. அதைச் சுற்றி 6. அதற்கும் வெளியே 12. ஆக மொத்தம் 19, அறுகோணமாக. வட்டக் காய்களை ஒரு பலகையில் இதைவிட நெருக்கமாக அடுக்க முடியாது. பல உலோகங்களுக்குள் துகள்களின் ஒவ்வோர் அடுக்கும் இப்படித்தான் நிற்கிறது. ஒரு வித்தியாசம் உண்டு. காய் சும்மா கிடக்கும். துகள் நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருக்கும். சூடு ஏறினால் நடுக்கம் ஏறும்.

அண்ணன் ஸ்ட்ரைக்கரை வைத்து ஓங்கி ஒன்று விடுவார். அடுக்கு சிதறி, காய்கள் ஒன்றையொன்று முட்டி, கட்டையில் மோதித் திரும்பும். இது வாயு. கட்டையில் விழுகிற அந்த அடிகளின் கூட்டுத்தொகைக்கு அழுத்தம் என்று பெயர். சைக்கிள் டியூப் விறைத்து நிற்பது உள்ளேயிருந்து விழுகிற அடியால். வெள்ளைக்காரர்கள் இதை விளக்க பில்லியர்ட்ஸ் பந்தை இழுப்பார்கள். பாவம், அவர்களுக்கு மன்றம் இல்லை. ஆனால் பில்லியர்ட்ஸுக்கும் கேரத்துக்கும் சேர்த்தே ஒரு குறை: எல்லாக் காயும் கடைசியில் நின்றுவிடும். அதனால்தான் பவுடர் போடுகிறோம். துகள்களுக்குப் பவுடர் வேண்டாம். அங்கே முட்டல் ஓய்வதே கிடையாது.

திரவத்தைக் கேரத்தில் காட்ட முடியாது. கேரம் காய்க்குப் பாசம் இல்லை. இன்னொரு காயை முட்டும், ஒட்டாது. துகள்கள் கிட்ட வந்தால் ஒன்றையொன்று இழுக்கும் என்பதைக் கணக்கில் சேர்த்து டச்சுக்காரரான வான் டெர் வால்ஸ் 1873ல் ஒரு ஆய்வேடு எழுதினார். அவருக்கு ஆடி மாதத்து அம்மன் கோயில் கூழ் வரிசையைக் காட்டியிருந்தால் வேலை சுலபமாகியிருக்கும். அண்டா மூடியைத் திறக்கும்வரை வரிசை கட்டி நிற்பார்கள்: திடம். திறந்ததும் வரிசை உடையும். தோள் உரசும், ஆள் இடம் மாறுவான், இடுக்கில் ஒரு பையன் வழுக்கி நுழைவான், ஆனால் ஒருத்தரும் அண்டாவை விட்டு நகரமாட்டார்கள்: திரவம். கூழ் தீர்ந்தது என்று குரல் வந்தால் தெருத்தெருவாகப் பறந்துவிடுவார்கள். அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

வஞ்சியில் ஒரு கண்காட்சி

இந்தத் துகள் சமாசாரத்தை முதலில் சொன்னது யார் என்று கேட்டால் கிரேக்கத்தில் டெமாக்ரிடஸ் என்பார்கள். வடக்கே கணாதர் என்பார்கள். அந்தப் பெயருக்கே துகளைத் தின்பவர் என்று பொருள் சொல்வதுண்டு. சாப்பிட்டுக்கொண்டே ஆராய்ச்சி செய்திருக்கிறார். தமிழ்நாட்டில் இதைப் பாட்டில் எழுதி வைத்தவர் சீத்தலைச் சாத்தனார். அவருடைய பட்டப்பெயர் கூலவாணிகன், அதாவது தானிய மண்டிக்காரர். வடக்கே தின்றவர், தெற்கே விற்றவர். மூட்டை மூட்டையாகத் தானியம் பார்த்தவருக்குத் துகளின் அருமை தெரியாமலா இருக்கும்?

அவருடைய மணிமேகலையில் வஞ்சி நகரத்தில் ஒரு காட்சி. நம் புத்தகக் கண்காட்சி மாதிரி சமயக்காரர்கள் வரிசையாக இருக்கிறார்கள். மணிமேகலை ஒவ்வொரு ஸ்டாலாகப் போய், "உங்க சரக்கு என்ன?" என்று விசாரிக்கிறார். ஆசீவகக்காரர் முறை வருகிறது. மற்கலி வழி வந்த கொள்கை அது. அவர் சொல்வது சுருக்கமாக: அணுக்கள் எப்போதும் இருப்பவை, அழியாதவை. ஒன்று இன்னொன்றுக்குள் நுழையாது. ஒன்று இரண்டாகப் பிளக்காது. அவல் மாதிரி தட்டையாகவும் ஆகாது. (மண்டிக்காரர் மூளை எங்கே போகும்?) அவை அலையும், தாழும், எழும்பும். கூடினால் மலை. பிரிந்தால் பழையபடி தனி. நெருங்கிச் செறிந்தால் வயிரம். இடையில் துளை விட்டால் மூங்கில்.

கவனியுங்கள். பொருளின் குணம் அடுக்கிலிருந்து வருகிறது என்று நம் மண்டிக்காரர் எழுதிவிட்டார். கேரம் போர்டு வருவதற்கு எவ்வளவோ நூற்றாண்டு முன்னால்.

"சரி, ஒன்றைக் காட்டு பார்க்கலாம்" என்று கேட்டுவிட்டால்? அதற்கும் ஆசீவகக்காரர் தயாராக இருந்தார். சாயங்கால மங்கலில் ஒற்றை மயிர் யாருக்கும் தெரியாது, திரண்ட கூந்தல் தெரியும். அணுவும் அப்படித்தான் என்கிறார். எங்கள் தெரு சைக்கிள்காரர் மணிமேகலை படித்தவர் இல்லை. ஆசீவகக்காரரும் பாத்திரம் விற்றவர் இல்லை. இருந்தாலும் இருவருக்கும் அதே சாயங்காலம், அதே மயிர்.

சறுக்கிய இடமும் உண்டு. நிலத்துக்கு ஒரு அணு, நீருக்கு ஒன்று, தீக்கு ஒன்று, காற்றுக்கு ஒன்று என்று பிரித்து, உயிருக்கும் தனியாக ஒரு அணுவை ஒதுக்கிவிட்டார். கட்டி, தண்ணீர், ஆவி மூன்றும் ஒரே துகள்தான், ஆட்டம்தான் வேறு என்பது அவர் கைக்கு எட்டவில்லை. மணிமேகலை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சரிப்படவில்லை என்று அடுத்த ஸ்டாலுக்குப் போய்விட்டார். துகள் கொள்கையை நிராகரித்த ஆள் என்று எனக்குத் தெரிந்த முதல் பெயர் இது. பின்னால் லண்டனில் பெரிய பெரிய ஆட்கள் செய்ததை இந்த அம்மா வஞ்சியிலேயே, அதுவும் மரியாதையாக, செய்து முடித்திருக்கிறார்.

பாஸ்டனிலிருந்து பனிக்கட்டி பார்சல்

வெள்ளைக்காரன் வருவதற்கு முன்னாலேயே மதராஸில் குளிர்ந்த தண்ணீர் இருந்தது. மண்பானை. பானையின் நுண்துளை வழியாகத் தண்ணீர் கசிந்து ஆவியாகும். ஆவியாகிப் போகிறவை வேகமான துகள்கள். மந்தமானவை பானைக்குள் தங்கும். மிச்சமிருப்பவற்றின் சராசரி வேகம் குறைந்தால் சூடும் குறையும். ஏரியாவில் துடிப்பான பசங்க நாலு பேர் துபாய் போய்விட்டால் மன்றமே சில்லிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறோமே, அதேதான்.

துரைகளுக்கு இது போதவில்லை. கிளாசுக்குள் கடகடவென்று சத்தம் வர வேண்டும். பாஸ்டன்காரரான ஃபிரெடெரிக் டியூடர் இதை மோப்பம் பிடித்தார். குளிர்காலத்தில் அவர் ஊர்க் குளங்கள் உறைந்து கிடக்கும், எடுத்தால் கேட்பாரில்லை. மரம் அறுக்கிற பட்டறைகளில் மரத்தூள் மலையாகக் குவிந்திருக்கும், அதையும் கேட்பாரில்லை. ஒரு ஓசிப் பொருளை இன்னொரு ஓசிப் பொருளில் புதைத்து, வெயில் நாட்டுக்காரன் தலையில் கட்டுவது என்று முடிவெடுத்தார். 1806ல் முதல் கப்பல் மார்டினிக் தீவுக்குப் போனபோது பாஸ்டனே வயிறு குலுங்கச் சிரித்தது. நஷ்டம். கடன். கடனுக்காக ஜெயிலும் பார்த்தார். மனுஷன் விடவில்லை.

1833 மே மாதம் டஸ்கனி என்கிற கப்பல் 180 டன் பனிக்கட்டியோடு பாஸ்டனிலிருந்து கிளம்பியது. அப்போது சூயஸ் கால்வாய் கிடையாது. ஆப்பிரிக்காவைச் சுற்றி, பூமத்திய ரேகையை இரண்டு தடவை தாண்டி, நான்கு மாதம் கழித்துக் கல்கத்தா வந்தது. ஏறக்குறைய 100 டன் கட்டியாகவே இருந்தது. நம் தெருமுனைக் கடையிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் குச்சி ஐஸ் குச்சி மட்டுமாக ஆகிவிடுகிறது. நான்கு மாதம் எப்படித் தாங்கியது?

மரத்தூளுக்குள் அடைபட்ட காற்று சூட்டை லேசில் கடத்தாது என்பது ஒரு காரணம். கட்டி பெரியதாக இருந்தால் எடைக்குத் தகுந்த வெளிப்பரப்பு குறைவு என்பது இரண்டாவது. மூன்றாவதுதான் விசேஷம். ஒரு கிலோ பனிக்கட்டியைச் சூடே ஏறாமல் வெறுமனே தண்ணீராக்குவதற்குத் தேவைப்படும் வெப்பத்தை வைத்து, ஒரு கிலோ தண்ணீரை 80 டிகிரி சூடேற்றிவிடலாம். அவ்வளவு வெப்பமும் அடுக்கை உடைப்பதிலேயே செலவாகும். தெர்மாமீட்டர் பூஜ்யத்திலேயே உட்கார்ந்திருக்கும். கை கோத்து நிற்கிற கூட்டத்தைப் பிரிக்கப் போன ஆள் மாதிரி, எவ்வளவு தள்ளினாலும் ஒரு அடி முன்னேற முடியாது. ஜோசப் பிளாக் என்கிற ஸ்காட்லாந்துக்காரர் 1760களிலேயே இந்த ஒளிந்திருக்கும் வெப்பத்தைப் பிடித்துவிட்டார். டியூடர் அதை வைத்துக் கல்லா கட்டினார்.

மதராஸுக்கும் சரக்கு வந்தது. துறைமுகம் கட்டாத காலம். கப்பல் நடுக்கடலில் நிற்கும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் அலையில் எகிறிக் குதித்துப் போய்ச் சரக்கை இறக்கி வர வேண்டும். நம் படகுக்காரர்களின் நிலைமையை யோசியுங்கள். அரிசி ஏற்றியிருக்கிறார்கள், துணி ஏற்றியிருக்கிறார்கள், கவர்னரையே ஏற்றியிருக்கிறார்கள். இப்போது கண்ணாடி மாதிரி ஒரு பாறை, தொட்டால் சுடுகிறதா குளிருகிறதா என்று புரியாத பாறை, கரைக்குப் போவதற்குள் எடை குறைகிற பாறை. கணக்குப்பிள்ளையிடம் என்ன சொல்வது? "வழியில திருடல சாமி, அதுவே போயிடுச்சு."

அதைப் பாதுகாக்க 1842ல் கடற்கரையில் ஒரு ஐஸ் ஹவுஸ் எழுந்தது. கல்கத்தா, பம்பாய், மதராஸ் மூன்றிலும் கட்டியதில் இன்று நிற்பது நம்முடையது ஒன்றுதான். 1897ல் விவேகானந்தர் சில நாள் அங்கே தங்கினார். இப்போது அது விவேகானந்தர் இல்லம். பனிக்கட்டி போய் அனல் பறக்கும் பேச்சு வந்த ஒரே கட்டடம்.

இன்னொரு கூத்து. அமெரிக்க எழுத்தாளர் தோரோ வால்டன் குளக்கரையில் குடிசை போட்டு உட்கார்ந்திருந்தபோது டியூடரின் ஆட்கள் அந்தக் குளத்திலும் பனிக்கட்டி அறுத்தார்கள். என் கிணற்றுத் தண்ணீரை மதராஸ்காரன் குடிக்கப்போகிறான் என்று தோரோ நெகிழ்ந்து எழுதினார். குடித்தது துரைகள்தான். நம் பேட்டைக்குக் குளத்துத் தண்ணீர் வந்ததாகத் தகவல் இல்லை. லாரித் தண்ணீருக்கே டோக்கன்.

பனிக்கட்டி வந்த கதையோடு அது மிதக்கிற கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பொருள்கள் உறைந்தால் சுருங்கி அடியில் போய்விடும். தண்ணீர்த் துகளுக்குக் கொஞ்சம் கிறுக்கு. உறையும்போது அறுகோணமாகத்தான் நிற்கும், ஆனால் நடுவில் வெற்றிடம் விட்டு. சிவப்புக் காயை யாரோ தூக்கிக்கொண்டு போன கேரம் அடுக்கு. இடம் அதிகம் பிடிப்பதால் அடர்த்தி குறைந்து மிதக்கிறது. ஃப்ரீசரில் கழுத்துவரை நிரப்பி வைத்த கண்ணாடி பாட்டில் வெடிப்பதும் அதனால்தான்.

கிணற்றில் போட்ட கல்

டியூடரின் பனிக்கட்டி பம்பாயிலும் இறங்கிக்கொண்டிருந்த அதே வருஷங்களில், அது ஏன் உருகுகிறது என்பதற்கான கணக்கைப் பம்பாயிலேயே ஒருவர் போட்டுக்கொண்டிருந்தார். ஜான் ஜேம்ஸ் வாட்டர்ஸ்டன், எடின்பரோக்காரர். கிழக்கிந்தியக் கம்பெனியின் கடற்படைப் பையன்களுக்கு வாத்தியார். வாயு என்பது ஓயாமல் ஓடுகிற துகள்களின் கூட்டம்; சூடு என்பது அந்த ஓட்டம்; வெப்பநிலை துகளின் எடையையும் வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது என்று எழுதி, 1845ல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார்.

இதற்கு முன் இந்த வழியில் போனவர்கள் கதி அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? 1738ல் டேனியல் பெர்னூலி சொன்னார், தலையாட்டிவிட்டு மறந்தார்கள். 1820ல் ஹெராபத் இதே ராயல் சொசைட்டிக்கு எழுதினார், கதவைச் சாத்தினார்கள். அவர் வெறுத்துப்போய் ரயில்வே பத்திரிகை நடத்தப் போனார்.

வாட்டர்ஸ்டன் கட்டுரை நடுவர்களிடம் போனது. அதில் ஒருவர் எழுதிய தீர்ப்பை எங்கள் ஏரியா மொழியில் பெயர்த்தால், "சுத்தப் பேத்தல், சபையில படிக்கக்கூட லாயக்கில்ல." ஒரு மரியாதைக்குச் சுருக்கத்தை மட்டும் வாசித்தார்கள். வாசித்துவிட்டால் கட்டுரை சங்கத்துச் சொத்து, திருப்பித் தரமாட்டார்கள். அது ரூல். வாத்தியாரிடம் வேறு பிரதி இல்லை. பம்பாயில் அப்போது ஜெராக்ஸ் கடை கிடையாது. ஆக, வேண்டாம் என்றும் சொல்லியாகிவிட்டது, கொடுக்கவும் முடியாது. தாலுகா ஆபீஸில் பட்டாவுக்கு அலைந்த எவருக்கும் இது புதிதில்லை.

கட்டுரை கிணற்றில் போட்ட கல். 1857ல் கிளாசியஸ், 1860ல் மேக்ஸ்வெல் என்று மற்றவர்கள் அதே விஷயத்தைப் புதிதாகக் கண்டுபிடித்துப் பேர் வாங்கினார்கள். வாட்டர்ஸ்டன் எடின்பரோ திரும்பினார். 1883 ஜூனில் ஒருநாள் வீட்டைவிட்டு நடந்து போனவர் திரும்பவே இல்லை. உடலும் கிடைக்கவில்லை. துகள்களின் ஓட்டத்தைச் சொன்னவர் ஆவியாகிவிட்டார் என்று எழுதக் கை வருகிறது, மனசு வரவில்லை.

1891ல் ராலே பிரபு ராயல் சொசைட்டி அலமாரியில் அந்தக் கட்டுரையைத் தோண்டி எடுத்தார். 46 வருஷம். மரத்தூளில் புதைத்த பனிக்கட்டிகூட இவ்வளவு நாள் தாங்கியதில்லை. அடுத்த வருஷம் ராலே அதை அச்சேற்றினார். முன்னுரையில் ஒரு புத்திமதி: பேர் தெரியாத இளம் ஆள் பெரிய கருத்தோடு வந்தால் விஞ்ஞானச் சங்கத்துக்கு அனுப்பாமல் வேறு வழி பார்ப்பது நல்லது, முதலில் சின்ன வேலை செய்து பேர் வாங்கட்டும் என்கிற மாதிரி. ஒன்பது வருஷத்துக்கு முன் காணாமல்போன ஆளுக்கு, சாவகாசமாக.

கருவாடு ஏன் மெதுவாக வருகிறது

கிளாசியஸுக்கும் நிம்மதி இல்லை. சாதாரண வெப்பநிலையில் காற்றுத் துகளின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 500 மீட்டர். இதைக் கேட்ட பைஸ் பாலட் என்கிற டச்சுக்காரர் 1858ல் மடக்கினார். அப்படியானால் அறையின் ஒரு மூலையில் திறந்த வாயுவின் வாசனை மறுமூலைக்கு வர ஏன் அவ்வளவு நேரமாகிறது?

எங்கள் தெருவில் பதில் தினமும் மத்தியானம் வரும். முனை வீட்டில் கருவாட்டைச் சட்டியில் போட்ட சத்தம் உடனே கேட்கும். வாசனை வர ஐந்து நிமிஷம் ஆகும். முதலில் எதிர்வீட்டுப் பூனை எழுந்திருக்கும். பிறகு நான். கடைசியாக மாடி வீட்டு ஐயா, அவர் சைவம், ஜன்னலைச் சாத்துவார். பூனைக்கும் ஐயாவுக்கும் நடுவில் கடக்கிற நேரத்தைத்தான் டச்சுக்காரர் கேட்டார்.

கிளாசியஸின் பதில்: துகள் வேகமாகத்தான் ஓடுகிறது, ஆனால் நேராக ஓட முடிவதில்லை. ஓரடி எடுத்து வைப்பதற்குள் இன்னொன்றை முட்டி, திரும்பி, அதையும் முட்டி, வந்த வழியே போய்... இரண்டு முட்டலுக்கு நடுவில் அதற்குக் கிடைக்கும் தூரம் தலைமயிர்த் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நொடிக்குப் பல நூறு கோடி முட்டல். காசிமேட்டு மீன் ஏலத்துக்குள் கூடையோடு நுழைந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கால் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆள் அங்கேயேதான் இருப்பார்.

வியன்னாவில் சைக்கிள்காரர்

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு ஆள் ஒப்புக்கொள்ளவில்லை. வியன்னாவின் எர்ன்ஸ்ட் மாக். ஒலியைவிட வேகமாகப் பறக்கும் விமானத்துக்கு மாக் எண் சொல்கிறோமே, அவர்தான். அணு என்று யாராவது வாயெடுத்தால், பார்த்திருக்கிறாயா என்று கேட்பார். ஒத்த மயிர் கேள்வி கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டு வந்திருந்தது.

மடக்கியது 1905ல் ஐன்ஸ்டீன். 1827லேயே ராபர்ட் பிரவுன் என்கிற தாவரவியலாளர் தண்ணீரில் மிதந்த நுண்ணிய துணுக்குகள் நிற்காமல் துள்ளுவதைப் பார்த்து வைத்திருந்தார். யார் தள்ளுகிறார்கள் என்று தெரியவில்லை. திருவொற்றியூர் கோயில் திருவிழாவைத் தூரத்து மொட்டை மாடியிலிருந்து பாருங்கள். மதில் மறைப்பதால் ஒரு தலையும் தெரியாது. பலூன்காரரின் கம்பு மட்டும் மேலே தெரியும். இப்படிச் சாயும், அப்படி இழுபடும், ஒரு எட்டுப் பின்னால் போகும். அந்தக் கம்பு தள்ளாடுவதை வைத்தே கீழே எவ்வளவு கூட்டம் என்று சொல்லிவிடலாம். ஐன்ஸ்டீன் போட்டது அந்தக் கணக்கு. பிரான்ஸில் ழான் பெரன் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துத் துணுக்குகள் துள்ளுவதை அளந்து, கணக்கு சரி என்று காட்டினார். 1926ல் அவருக்கு நோபல் கிடைத்தது. ஒற்றைத் துகளை அவரும் பார்க்கவில்லை. கூட்டம் தள்ளியதைப் பார்த்தார். வஞ்சி ஸ்டால்காரர் சொன்ன வழிதான்.

எண்ணூருக்குத் திரும்பினால்

டியூடரின் வியாபாரத்தை இயந்திரம் முடித்து வைத்தது. 1874ல் மதராஸிலேயே ஐஸ் தயாரிக்கும் கம்பெனி வந்துவிட்டது. இன்றைய ஐஸ் பேக்டரியில் வேலை செய்வது பெரும்பாலும் அமோனியா. அதை அமுக்கித் திரவமாக்கி, குழாய்க்குள் ஆவியாக விடுவார்கள். ஆவியாகும்போது அது பக்கத்திலிருக்கும் சூட்டையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு போகும். மண்பானை செய்த அதே வேலை, கரண்ட் பில்லோடு. காசிமேட்டுப் படகில் ஏறுகிற ஒவ்வொரு ஐஸ் பாரும் இப்படிப் பிறந்ததுதான்.

எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் டியூடரின் பேரன் மாதிரி ஒரு வியாபாரம் 2019 முதல் நடக்கிறது. இயற்கை எரிவாயுவை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிரவைத்தால் துகள்கள் வேகமிழந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 600 லிட்டர் வாயு ஒரு லிட்டர் திரவமாகும். கப்பலில் வருவது அந்தத் திரவம். கரையில் சூடேற்றி மறுபடி வாயுவாக்கிக் குழாயில் விடுகிறார்கள். இங்கே கொள்ளளவு ஆண்டுக்கு 50 லட்சம் டன். 180 டன்னுக்கு ஊரைக் கூட்டிய டியூடர் பார்த்திருந்தால் மரத்தூள் வியாபாரத்துக்கே போயிருப்பார்.

வாயு பாடத்தை எங்களுக்கு யாரும் படம் வரைந்து சொல்ல வேண்டாம். 2023 டிசம்பரில் ஒரு நள்ளிரவு எண்ணூர்க் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மீனவக் குப்பங்களில் ஜனங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரி போனார்கள். அன்றைக்கு அங்கே ஒருத்தரும் "காட்டு பார்க்கலாம்" என்று கேட்கவில்லை. கண்ணுக்குத் தெரியாததை நம்புவதற்கு ஐரோப்பாவுக்கு இரண்டாயிரம் வருஷம் தேவைப்பட்டது. வடசென்னைக்கு ஒரு மூச்சு.

ஆயாவின் டம்ளருக்கு வருவோம். முடிக்கு வந்த அந்த எவர்சில்வர் டம்ளரில் ஆயா அன்று ராத்திரி ஐஸ் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் டம்ளருக்கு வெளியே முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து, வழிந்து, தரையில் வட்டம் போட்டது. ஆயா தூக்கிப் பார்த்தார், அடியைத் தடவினார், விளக்கில் காட்டினார். "பேமானி, ஓட்ட டம்ளரை என் தலையில கட்டிட்டான்."

அடுத்த தடவை சைக்கிள்காரர் தெருவுக்குள் நுழைந்ததும் ஆயா ஹேண்டில்பாரைப் பிடித்துவிட்டார். அவர் டம்ளரை வாங்கித் துடைத்து, குழாயடியில் நிரப்பித் தூக்கிப் பிடித்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

"பாத்துக்க ஆயா. ஓட்டை எங்க கீது?"

"அப்ப அன்னிக்கு வெளியில இருந்த தண்ணி எங்கேர்ந்து வந்துச்சு?"

"அது காத்துல இருக்கிற தண்ணி ஆயா. ஜில்லுனு பட்டதும் ஒண்ணா சேந்து ஒட்டிக்கிச்சு."

ஆயா தலைக்கு மேலே பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். இடது பக்கம் பார்த்தார்.

"எங்க? காட்டு பாக்கலாம்."

அவர் வாயைத் திறந்தார், மூடினார். கடைசியில் ஒரு கரண்டியை ஓசியில் வாங்கிக்கொண்டுதான் ஆயா ஹேண்டில்பாரை விட்டார்.